முதல் பர்ஸ் உங்கள் இடுப்புக்கு

சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, அய்யன்கொல்லி பக்கம் தையல் பழகி முடித்துவிட்டு மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கும் அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

உறை என்று மரியாதைக்குச் சொன்னேன். பல வீட்டில் மெஷின் மேல் துவைத்த துணி குவிந்திருக்கிறது. சில வீட்டில் சாமி படம் ஏறிவிட்டது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கிடைத்த மெஷினும் சும்மா நிற்கிறது, குழுக்கடனில் வாங்கிய மெஷினும் சும்மா நிற்கிறது. கடன் தவணை மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் தைக்கவில்லை என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "ஜாக்கெட் வெட்டப் பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான். ஜாக்கெட் என்பது தையலில் கடைசியாகப் படிக்க வேண்டிய பாடம். கைக்குழி அரை இஞ்ச் தவறினால் கையைத் தூக்க முடியாது. கழுத்து கொஞ்சம் அகன்றால் தோள் சரியும். அடுத்தவர் ஆசையாக வாங்கிய துணியைக் கெடுத்துவிட்டால் அந்த வீட்டோடு பேச்சே நின்றுபோகும். அதைப் போய்ப் பயிற்சியில் முன்வரிசையில் வைக்கிறார்கள், ஜாக்கெட்டில்தான் காசு என்று. காசு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு லைன் வீட்டுப் பக்கமும் ஏற்கெனவே கை பழகிய ஓர் அக்கா தைத்துக்கொண்டிருக்கிறார். அவரை விட்டுவிட்டு உங்களிடம் யார் தீபாவளித் துணியைத் தருவார்கள்?

ஆகவே ஜாக்கெட்டைக் கொஞ்சநாள் மறந்துவிட்டு ஒரு சின்னப் பர்ஸில் தொடங்குங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஜிப் வைத்து, உள்துணி கொடுத்து, உள்ளே ஓர் அறை பிரித்து, வெளியே இரண்டு வளையம் போட்ட பர்ஸ். நேர்த்தையல், மூலை திருப்புவது, ஜிப், உள்துணி, ஓரம் மறைப்பது எல்லாம் அதில் வந்துவிடும். அளவு பார்க்க உடம்பு மட்டும் வேண்டாம். கெட்டுப்போனால் நட்டம் ஒரு சாண் துணி. இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். முதல் பர்ஸைக் கண்காட்சிக்கென்றோ ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரருக்கென்றோ தைக்காதீர்கள். கொழுந்து பறிக்கப் போகிற உங்கள் இடுப்புக்குத் தையுங்கள்.

இப்போது போனை எங்கே வைத்துக்கொண்டு பறிக்கிறீர்கள்? ஜாக்கெட்டுக்குள். காசு கைக்குட்டை முடிச்சில், அல்லது சாப்பாட்டுத் தூக்கு வைத்த பைக்குள் எங்கோ மேட்டில். வீட்டுச் சாவி தாலிக்கொடியில் ஒரு ஊக்கில் தொங்குகிறது. மாத்திரைச் சீட்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. புடவையில் பாக்கெட் இல்லை, நைட்டியில் இல்லை, சுடிதார் தைப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள். மேஸ்திரிக்குச் சட்டையில் ஒன்று, கால்சட்டையில் மூன்று. வீட்டுக் கணக்கை எல்லாம் சுமக்கிற பெண்ணுக்கு ஒரு பாக்கெட் தைக்க வேண்டும் என்று ஆடை தைக்கிற உலகத்துக்குத் தோன்றவே இல்லை.

நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரிகள். அவர்களிடம் சுருக்குப்பை இருந்தது. வாய்ப்பக்கம் இரண்டு நாடா எதிரெதிராக ஓடும், இழுத்தால் மூடிக்கொள்ளும். உள்ளே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, சில்லறை, எப்போதாவது பேரனுக்கு ஒரு மிட்டாய். இடுப்புச் செருகலில் நிற்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டார்கள்.

அந்தப் பைக்கு நம் பக்கத்தில் வேறொரு கதையும் உண்டு. சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 1964 அக்டோபர் 30 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். நம் பெரியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே வனத்துறை 1968இல் தேயிலை நடத் தொடங்கியது; அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரங்கோட்டிலும் சேரம்பாடியிலும் நாம் இன்று பறிக்கிற செடி அந்தக் கணக்கில் வந்தது. கப்பலேறி வந்த குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான் உயிர். வீடு, வேலை, கடன் எல்லாம் அந்தக் காகிதத்தைக் காட்டினால்தான் கிடைக்கும். பெட்டி தொலையலாம், காகிதம் தொலையக்கூடாது. துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தோம் என்று சொல்லும் ஆத்தாமார் இன்னும் நம் லைன்களில் இருக்கிறார்கள். யாரிடமாவது அந்தப் பை இருந்தால் வாங்கிப் பாருங்கள். கைத்தையல்தான், ஆனால் தையல் ஓடிய இடத்தை ஊசியால் திரும்பவும் பின்னால் வந்து குத்தியிருப்பார்கள், ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்படி.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. இங்கிலாந்திலும் 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை பெண்கள் பாவாடைக்கு அடியில் இடுப்பில் நாடாவால் கட்டிய துணிப்பைதான் வைத்திருந்தார்கள். பாவாடைப் பக்கத்தில் ஒரு திறப்பு இருக்கும். அதற்குள் கையை விட்டால் பை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட பைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பார்பரா பர்மன், அரியான் ஃபென்னட்டோ என்ற இருவர் அந்தப் பைகளைப் பற்றி மட்டுமே 2019இல் பெரிய புத்தகம் எழுதினார்கள். சாவி, கத்தரி, ஊசிநூல், கடிதம், காசு என்று அந்தப் பெண்களின் தனி உலகம் முழுக்க அதற்குள்தான். புருஷன் கைவைக்க முடியாத இடம் என்று ஒன்று பெண்ணுக்கு இருந்தது என்றால் அது அந்தப் பைதான் போலிருக்கிறது. எனக்கு நம் ஆத்தாமாரின் சுருக்குப்பை நினைவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, சுருக்குப்பையையே தைத்துக்கொள்ளலாமே, பர்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். வெற்றிலைக்கு மழை ஒரு பொருட்டில்லை; போனுக்கு அப்படியா? ஆனி ஆடியில் பந்தலூர்ப் பக்கம் பெய்கிற மழையை வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலையில் பிடித்தால் இரவில்தான் விடும், சில வாரம் இரவிலும் விடாது. சுருக்குப்பையின் வாய் நெருக்கி மூடினாலும் நடுவில் ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

போனைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் யானை இருக்கிறது. எந்தப் பாத்தியில் நிற்கிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று இப்போது செய்தி போனில்தான் வருகிறது. வால்பாறையில் ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள்; அதற்காக 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. தகவல் நேரத்துக்கு வருவதில் எத்தனை உயிர் இருக்கிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செய்தி மேட்டில் தொங்கும் பைக்குள் இருந்து கூப்பிட்டால் என்ன பிரயோசனம்? போன் இடுப்பில், முன்பக்கம், ஒரு கையால் எடுக்கும்படி இருக்க வேண்டும். சத்தம் கேட்க வேண்டும், நனையக்கூடாது, செடியில் மாட்டி இழுபடக்கூடாது. இவ்வளவையும் கடையில் வாங்குகிற பர்ஸ் செய்யாது. அதைத் தைத்தவருக்கு உங்கள் இடுப்பு எந்த வேலை செய்கிறது என்று தெரியாது.

துணிக்கு எங்கும் போக வேண்டாம். வெளித்துணிக்குப் பழைய ஜீன்ஸ் கால், தடித்த பெட்ஷீட், பள்ளிச் சீருடைக் கால்சட்டையின் கிழியாத பாகம், எது கிடைக்கிறதோ அது. உள்துணிக்கு ஒரு பொருள் சொல்கிறேன்: உடைந்த குடை. நம் ஊரில் ஒரு மழைக்காலம் முடிந்தால் வீட்டுக்கு ஒரு குடையாவது கம்பி ஒடிந்து கதவுக்குப் பின்னால் நிற்கும். கம்பிதான் ஒடிந்திருக்கும், துணி நன்றாக இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காத துணியை வைத்துக்கொண்டு கடையில் ரெக்சின் தேடுகிறோம்.

குடைத்துணியைக் கம்பியிலிருந்து அறுத்தெடுங்கள், இழுத்துப் பிய்க்காதீர்கள். எட்டு இதழ் இருக்கும். தையலைப் பிரித்துத் தனித்தனியாக்கி, ஓர் இதழின் அகன்ற அடிப்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். 9 இஞ்ச் அகலம், 7 இஞ்ச் உயரம். மடக்குக்குடையிலும் அந்த அளவு வரும். ஒரு பர்ஸுக்கு இரண்டு துண்டு. ஆக ஒரு குடையில் நாலு பர்ஸ். மேலே மீதியாகும் முனைகளை எறியாதீர்கள், மழை மூடிக்கும் உள் அறைக்கும் ஆகும். குடைத்துணியில் சூடான இஸ்திரிப்பெட்டி வைத்தால் சுருங்கிப் பொசுங்கிவிடும். மடிப்பை நகத்தால் அழுத்திக்கொள்வதே போதும். குண்டூசியும் குத்தாதீர்கள். பருத்தியில் குத்திய ஓட்டை துவைத்தால் மூடிக்கொள்ளும், இதில் அப்படியே நிற்கும், அதன் வழியாகத் தண்ணீர் கசியும். துணி உலர்த்தும் கிளிப் போட்டுப் பிடித்தால் போதும். ஊசி 14ஆம் நம்பர். ஜீன்ஸ் இரண்டு மடிப்பாக வருகிற இடத்தில் 16. நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

வெளித்துணியிலும் அதே 9க்கு 7 அளவில் இரண்டு துண்டு. சேர்த்துத் தைப்பதற்கு முன்பே பின்பக்கத் துண்டில் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. பெல்ட்டோ நாடாவோ நுழைகிற மாதிரி இரண்டு வளையங்களை நெட்டுக்குத்தாக வைத்து, மேலும் கீழும் பெட்டித்தையல் போட்டுவிடுங்கள். பிறகு மழை மூடி: குடைத்துணியில் 8 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் உயரத்தில் ஒரு துண்டை ஓரம் மடித்துத் தைத்து, அதைப் பின்பக்கத்தின் மேல் விளிம்புக்கு ஓர் இஞ்ச் கீழே பிடியுங்கள். பர்ஸ் முடிந்தபின் இது ஜிப்புக்கு மேலாக வந்து முன்பக்கம் விழும். மூடியை 9 இஞ்ச் வைக்காமல் 8 வைப்பதற்குக் காரணம், பக்கவாட்டுத் தையலில் அது மாட்டிக்கொள்ளக் கூடாது. ஜிப் எவ்வளவு நல்லதானாலும் அதன் பற்களுக்கு நடுவே நீர் புகும். மூடி இல்லாத பர்ஸ் நம் மழைக்குச் செல்லாது.

இனி ஜிப். எல்லோருக்கும் கிலி பிடிக்கிற இடம் இது. தனி ஜிப் வாங்காமல் ரோல் ஜிப் 5ஆம் நம்பர் வாங்கி, ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொண்டால் செலவு குறையும். 3ஆம் நம்பர் பார்க்க அழகு. ஈரக்கையால் இழுக்கும்போது திணறும். 10 இஞ்ச் வெட்டி, ரன்னர் கோத்து, இரண்டு முனையையும் குறுக்கே நாலைந்து தரம் தைத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தைக்கும்போதே ரன்னர் கழன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

முன்பக்கத் துண்டை நல்ல பக்கம் மேலே பார்க்க மேசையில் விரியுங்கள். அதன் மேல்விளிம்போடு ஜிப்பைக் குப்புற வையுங்கள். அதற்கு மேல் குடைத்துணியை, அதன் நல்ல பக்கம் கீழே பார்க்க. நடுவில் ஜிப், மேலும் கீழும் துணி. கிளிப் போட்டு, ஜிப் ஃபுட் மாட்டி, பற்களை ஒட்டிக் கால் இஞ்ச் உள்ளே ஓட்டுங்கள். ரன்னர் வருகிற இடத்தில் தையல் கோணும். அங்கே ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளி, ஃபுட்டை இறக்கி மறுபடி ஓட்டுங்கள். இந்த ஒரு வேலை கைக்கு வந்துவிட்டால் ஜிப் பயம் தீர்ந்தது. பிறகு இரண்டு துணியையும் ஜிப்பைவிட்டு விலக்கித் திருப்பி, நகத்தால் அழுத்தி, வெளியே தெரியும்படி மேல்தையல் ஒன்று போடுங்கள். மேல்தையலை விட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு தடவை மூடும்போதும் உள்துணி ரன்னரில் கடிபடும். மறுபக்கத்துக்கும் இதே மாதிரி.

அடுத்தது, ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். தையல் சொல்லிக்கொடுக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் இரண்டு தரம் சொல்வார்கள். மூடிய ஜிப்போடு நாலு பக்கமும் தைத்துவிட்டால் பர்ஸைத் திருப்ப வழியே கிடையாது. தைத்ததை எல்லாம் பிரிக்க வேண்டியதுதான். பாதி திறந்த ஜிப்போடு வெளித்துணிகள் இரண்டையும் நல்ல பக்கம் சேர்த்து ஒருபுறமும், உள்துணிகள் இரண்டையும் சேர்த்து மறுபுறமுமாக விரித்து, சுற்றிலும் தையுங்கள். உள்துணியின் அடியில் மட்டும் மூன்று இஞ்ச் திறப்பு விடுங்கள். மூலைகளில் துணியைச் சாய்வாகக் கத்தரித்துவிட்டு, அந்தத் திறப்பு வழியாக முழுப் பர்ஸையும் வெளியே இழுங்கள். பேனா மூடியால் மூலைகளை உள்ளிருந்து குத்தி எடுத்தால் கூர்மையாக நிற்கும். திறப்பை மடித்து ஒரு தையலில் மூடுங்கள். அவ்வளவுதான். உள்ளே அட்டை வைக்க அறை வேண்டுமென்றால், உள்துணித் துண்டு ஒன்றின் மேல் குடை முனையில் வெட்டிய ஒரு துண்டை முதலிலேயே தைத்துவிட வேண்டும். கடைசியில் நினைத்தால் முடியாது.

இதைப் படிக்கையில் நீளமாகத் தோன்றும். இரண்டாவது பர்ஸ் தைக்கும்போது இந்தக் கடிதமே தேவைப்படாது. மெஷினைக் கண்டும் தயங்காதீர்கள். காந்திக்கு இயந்திரங்கள் மேல் எத்தனை சந்தேகம் இருந்தது என்று தெரியும்; அவரே தையல் மெஷினை மட்டும் விதிவிலக்கு என்று விட்டுவிட்டார். மனைவி கையால் குத்திக் குத்திச் சிரமப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று வேறு நம்பினார். அந்தக் காதல்கதை நிசமோ என்னவோ, விதிவிலக்கு சரியானதுதான்.

உங்கள் பர்ஸைக் கட்டிக்கொண்டு ஒரு மழைக்காலம் பறியுங்கள். எங்கே நைகிறது, வளையம் எங்கே பிய்கிறது, மூடி காற்றில் தூக்குகிறதா என்று அப்போது தெரியும். அடுத்த லைன் அக்கா வந்து, "எனக்கு ஒண்ணு தைச்சுக் குடு" என்பார். வியாபாரம் அங்கே தொடங்கட்டும். ஊட்டி சாக்லேட் கடை வாசலில் வேண்டாம்.

சுற்றுலாக்காரருக்குத் தைக்காதே என்று நான் அடம்பிடிப்பதற்கு ஒரு காரணம் தோடர் பூவேலை. ஊட்டிக்கு வருகிறவர் நீலகிரி என்றதும் தேடுவது வெள்ளைத்துணியில் கறுப்பும் சிவப்புமாக ஓடும் அந்த வேலையைத்தான். நம் குழுக்களிலும் யாரோ ஒருவர், "அந்த டிசைனை மெஷினில் போட்டால் நன்றாகப் போகும்" என்று யோசனை சொல்வார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். தோடர் பெண்கள் துணியில் கோடு வரைவதில்லை, சட்டம் மாட்டுவதில்லை. நெய்த இழையைக் கண்ணால் எண்ணி எண்ணிக் கம்பளி நூலைக் கோக்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் பார்க்கும்படி இருக்கும். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் பிறந்த வேலை அது; இப்போது பர்ஸிலும் போன் உறையிலும் வருகிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆகவே மெஷினில் அடித்த கோட்டைத் தோடர் வேலை என்று விற்பது சட்டப்படியும் தப்பு. சட்டம் கிடக்கட்டும். நாடு விட்டு நாடு வந்து இந்த மண்ணில் இடம் பெற்ற நாம், இந்த மண்ணின் ஆதிக்காரர்களிடம் மிச்சமிருக்கிற கைவேலையையும் மலிவுவிலையில் அடித்துக் கொடுப்பதா? கறுப்பும் சிவப்பும் யாருக்கும் சொந்தமில்லைதான். அந்தக் கோலம் அவர்களுடையது.

நமக்கென்று என்ன இருக்கிறது என்றால், குடைத்துணி இருக்கிறது, மழை இருக்கிறது, பறிக்கிற கை இருக்கிறது. மழைக்குத் தாங்கும் இடுப்புப் பர்ஸ் என்பது ஊட்டிக் கடைகளில் இல்லாத சரக்கு. தோட்டத்துக்குப் போகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள், சுல்தான் பத்தேரிச் சந்தைக்குப் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் அது வேண்டும்.

விலை வைப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிக்கடிதம். நம் பெண்கள் ஜிப்புக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு என்று கூட்டி, அதற்கு மேல் பத்து ரூபாய் வைத்து விற்றுவிட்டு லாபம் என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறெரியும். உங்கள் நாள்கூலியை எட்டால் வகுங்கள். அதுதான் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை. கைபழகிய பிறகு ஒரு பர்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் அந்தத் தொகை முழுசாக விலையில் ஏற வேண்டும். ஜிப், நூல், ஊசி, கரண்டு, பஸ் எல்லாம் அதற்கு மேலே. துணி சும்மா கிடைத்தது என்பதற்காக அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். குடையைப் பிரித்த நேரத்துக்கும் கூலி உண்டு. அப்படிப் போட்ட விலையில் யாரும் வாங்கவில்லை என்றால் தைக்காதீர்கள். கொழுந்து பறித்தால் கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைக்கிற வேலையைப் "பகுதிநேர வருமானம்" என்று பேர் சூட்டி ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை, யார் மேடையில் வந்து புகழ்ந்தாலும்.

"வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு தருகிறோம்" என்கிற கடைகளிலும் கவனம் வேண்டும். ஒரு கடை ஒரு சீசன் முழுக்கக் கண்ணாடியில் வெயில் படும்படி வைத்திருந்துவிட்டு, வெளுத்த பர்ஸ்களைத் திருப்பிக் கொடுத்தது எனக்குத் தெரியும். பாதி விலையாவது முன்பணமாகக் கொடுக்கிறவருக்கு மட்டும் கொடுங்கள்.

துணிப்பை ஆர்டர்கள் பற்றியும் கேட்கிறீர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை. நீலகிரியில் அந்த வேலை அதற்கு வெகுகாலம் முன்பே, 2000ஆம் ஆண்டை ஒட்டி, சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோதே தொடங்கிவிட்டது; பிறகு 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியபோதும் சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் அவர்தான். அதனால் பை ஆர்டர் வரும். நேர்த்தையல், நிறைய எண்ணிக்கை, குறைந்த கூலி. கை வேகம் பெற நல்ல பயிற்சி, எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள்; ஈரோட்டிலும் திருப்பூரிலும் பெரிய யூனிட்டுகள் அடித்துத் தள்ளுகிற விலைக்கு நம்மால் இறங்க முடியாது.

நடத்திக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே மருத்துவம் பார்க்கப் போனார்கள். அங்குள்ள லம்பாடிப் பெண்களிடம் பழைய ஊசிவேலை கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. வயதான ஓரிருவர் கையில்தான் மிச்சம். அவர்களிடம் இளம்பெண்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, போர்கை என்ற பெயரில் சங்கம் வைத்து, பையும் பர்ஸும் சட்டையும் தங்கள் பெயரிலேயே விற்கிறார்கள். அவர்கள் வேலையை நாம் பார்த்தடிக்கக் கூடாது. அவர்கள் வரிசையைப் பார்க்கலாம். முதலில் தங்களுடையது எது என்று கண்டுகொண்டார்கள், அப்புறம்தான் சந்தைக்குப் போனார்கள். ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை நிறுவனம், 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரப் பெண்களைக் கூட்டி, வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். பொம்மைக்கு விலை போடவில்லை, நன்கொடையில் ஓடியது. செய்த பெண்களுக்குக் கூலி போனது. எல்லோராலும் அப்படி நடத்த முடியாது, அதற்குப் பின்னால் பெரிய கை ஒன்று வேண்டும். ஆனால் எறிகிற துண்டுத்துணி என்பது சரக்கு என்று அவர்கள் காட்டிய அந்த ஒரு விஷயம் நமக்குப் போதும்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். மெஷின் மேலிருக்கும் சாமி படத்தைச் சுவருக்கு மாற்றுங்கள். பாபின் கேஸைக் கழற்றி, உள்ளே அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டி, மெஷின் எண்ணெய் விட்டு, துணியில்லாமல் கொஞ்சநேரம் ஓடவிடுங்கள். நம் ஈரத்தில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசினாக இறுகிவிடும். உடைந்த குடை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பிரித்துவிடலாம். ரோல் ஜிப்பை ஆளுக்கு இரண்டு மீட்டராக வாங்கினால் விலை அதிகம். கூடலூரிலோ பத்தேரியிலோ ஒரு முழு ரோலாக எடுத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்கு முன்னால் உங்கள் மெஷினில் ஜிப் ஃபுட் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவரும் டப்பாவைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாதவர்களுக்கும் சேர்த்து அதே கடையில் வாங்கிவந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து லைன் தையல்காரி
சேரங்கோடு